உங்களுக்குத் தெரியுமா? புல்வெட்டும் எஞ்சினுக்கும் பிறந்த தேதி உண்டு!

தள்ளிச் செல்லும் புல்வெட்டும் இயந்திரத்துக்கான யோசனை பிறந்தது துணி ஆலையில். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில், கம்பளித் துணியின் பிசிறை நறுக்கும் உருளைக் கத்தியைக் கண்ட எட்வின் பட்டிங், புல்லுக்கும் அதே முறையில் இயந்திரம் செய்து 1830இல் காப்புரிமை பெற்றார்.

இன்று புல்வெட்டும் இயந்திரத்துக்கு உதிரிபாகம் தேடுவோருக்கு, அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் எஞ்சின் பெரிய உதவி செய்கிறது. மாடல், டைப், கோட் என மூன்று எண்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். கோட் எண் 930510 என்று தொடங்கினால், அந்த எஞ்சின் 1993 மே 10இல் தயாரானது. மாடல் எண்ணின் முதல் இலக்கங்கள் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும். ஒரே மாடலிலும் சில பாகங்கள் மாறியிருக்கும். எனவே மூன்று எண்களையும் குறித்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

கத்தி கல்லில் மோதி நின்றபின் எஞ்சின் கிளம்ப மறுக்கிறதா? கார்புரேட்டரைக் கழற்றுமுன் ஃபிளைவீல் கீயைப் பாருங்கள். ஃபிளைவீலை அதன் இடத்தில் பிடித்துவைக்கும் மிகச் சிறிய உலோகத் துண்டுதான். அது சற்றே வெட்டுப்பட்டாலும் ஃபிளைவீல் இடம் நகர்ந்து, தீப்பொறி விழும் நேரம் தவறிவிடும்.

எதைத் தொடுவதற்கும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். கத்தியைக் கையால் திருப்பினாலே எஞ்சின் ஓடத் தொடங்கிவிடக்கூடும்.