அக்ராய்டு கொலையும் வாசகர் வழக்கும்

துப்பறியும் புதினத்தைப் படித்து முடித்தவுடன் மறந்துவிடுவது வாசகர் இயல்பு. கொலையாளி இன்னாரெனத் தெரிந்தபின் அந்நூலை மீண்டும் கையிலெடுப்பார் மிகச் சிலரே. அதனைப் பற்றி வழக்காடுவார் அவரினும் சிலர். இப்பொது இயல்புக்கு விலக்காக, வெளிவந்த நாள்முதல் வாசகரை இரு கட்சியினராகப் பிரித்து வைத்திருக்கும் புதினம் ஒன்று உண்டு. அகதா கிறிஸ்டி எழுதிய 'ரோஜர் அக்ராய்டு கொலை' என்பதே அது. 1925ஆம் ஆண்டு இலண்டன் 'ஈவ்னிங் நியூஸ்' நாளிதழில் வேறொரு தலைப்பில் தொடர்கதையாக வந்து, 1926இல் நூல் வடிவம் பெற்றது.

குருதியையும் வன்முறையையும் பின்னுக்குத் தள்ளி, ஒருவரையொருவர் நன்கறிந்த மக்கள் வாழும் ஒரு சிற்றூரைக் களமாகக் கொண்டு, புதிரையும் ஊர்ப்பேச்சையும் முன்னிறுத்தும் துப்பறியும் கதைகளை ஆங்கிலத்தில் 'கோஸி' வகை என வழங்குவர். இப்புதினம் நிகழும் கிங்ஸ் அபட் அத்தகைய ஊரே. ஊரின் செல்வர் அக்ராய்டு, அவர் மணக்கவிருந்த கைம்பெண் திருமதி பெரார்ஸ், மருத்துவர் ஷெப்பர்டு, அவருடன் வாழும் மணமாகாத தமக்கை கரோலின், ஓய்வு பெற்றுப் பக்கத்து வீட்டில் சுரைக்காய் போன்றதொரு காயைப் பயிரிட்டுக்கொண்டிருக்கும் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோ. இவர்கள் நடுவே வதந்தி ஓயாது உலவுகின்றது. கரோலின் வீட்டை விட்டு வெளியேறாமலே பால்காரர், பணிப்பெண்கள் வாயிலாக ஊர்ச் செய்தி அனைத்தையும் திரட்டிவிடுகிறார். காவல்துறையினர் எழுதி வைப்பதைக் காட்டிலும் இவர் அறிந்திருப்பது மிகுதி என்று தோன்றும்.

இந்நூலை இன்னும் படியாதவர்கள் இனிவரும் பத்திகளைப் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைப்பது நன்று. புதிரை உடைக்காமல் இவ்வழக்கை விளக்குதல் இயலாது.

கதையைத் தன்மைக்கூற்றில் நமக்குச் சொல்பவர் மருத்துவர் ஷெப்பர்டு. கொலை செய்தவரும் அவரே. தன் கணவனை நஞ்சூட்டிக் கொன்ற திருமதி பெரார்ஸை மிரட்டிப் பணம் பறித்து வந்தவர் அவர். அம்மையார் இறக்குமுன் எழுதிய மடல் அக்ராய்டிடம் வந்து சேர்கிறது. மிரட்டியவன் பெயர் அதிலிருக்கிறது. அதனை அக்ராய்டு படித்தறியுமுன் கொலை நிகழ்ந்துவிடுகிறது.

ஈண்டு வாசகர் ஏமாந்தமைக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. புவாரோவின் முந்தைய கதைகளைக் கூறியவர் ஹேஸ்டிங்ஸ் என்னும் நண்பர். வெள்ளை உள்ளம் படைத்தவர். காண்பதை மறைக்கத் தெரியாதவர். இப்புதினத்தில் அவர் அர்ஜென்டினாவில் இருக்கிறார். அவர் அமர்ந்த இருக்கையில் மருத்துவரை அமர்த்தினார் ஆசிரியர். இருக்கையின் மேலிருந்த நம்பிக்கை அதில் அமர்ந்தவர்க்கும் கிடைத்துவிட்டது.

நூல் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. எஸ். எஸ். வேன் டைன் என்ற புனைபெயரில் துப்பறியும் கதைகள் எழுதிய அமெரிக்கர் வில்லார்டு ஹன்டிங்டன் ரைட், 1927இல் தாம் தொகுத்த கதைத்தொகுதியின் முன்னுரையில், இது முறையான உத்தியாகாது எனக் கருத்துரைத்தார். மறு ஆண்டு டோரதி சேயர்ஸ் மறுமொழி தந்தார். வேண்டிய தடயங்கள் அனைத்தும் கொடுக்கப்பட்டுள்ளன. எவரையும் ஐயுறுவது வாசகர் கடமை. அதற்குமேல் கேட்க வாசகர்க்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். 1929இல் ரொனால்டு நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். ஆயினும் அவன் எண்ண ஓட்டத்தை வாசகர் பின்தொடர்ந்திருக்கலாகாது என்பது முதல் விதி. அவ்விதியின் பிற்பகுதியைத் துல்லியமாக வரையறுப்பது கிறிஸ்டியின் கைத்திறனால் கடினமாயிற்று என்று அவரே ஒப்புக்கொள்கிறார். விதி செய்தவரே விலக்கை எண்ணித் தயங்குவது சுவையான காட்சி!

வழக்கைத் தீர்க்க நூலினுள்ளேதான் செல்ல வேண்டும். மடல் அக்ராய்டின் அறைக்கு வந்து சேரும் நேரம் ஒன்பது மணிக்கு இருபது நிமிடம். மருத்துவர் அறையை விட்டு வெளியேறும் நேரம் ஒன்பதுக்குப் பத்து நிமிடம். இடையிலுள்ள பத்து நிமிடங்களுக்கு மருத்துவர் தரும் கணக்கு ஒரு மங்கலான வாக்கியமே. அவ்வாக்கியத்தில் பொய்யில்லை, உண்மை முழுதும் இல்லை. ஒன்பதரை மணிக்கும் அக்ராய்டின் குரல் அறைக்குள்ளிருந்து கேட்டதாகப் பிறர் சாட்சி கூறுவர். அது பேச்சைப் பதிவு செய்யும் 'டிக்டபோன்' கருவியின் குரல். மருத்துவர் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதில் கைதேர்ந்தவர் என்பதும் முன்னரே சொல்லப்பட்டுள்ளது. 1977இல் வெளிவந்த தன்வரலாற்றில் கிறிஸ்டி, இது ஏமாற்று என்போர் கவனமாகப் படித்தால் தம் தவற்றை உணர்வர் என்கிறார்.

முதன்முறை படித்தபோது சினந்து நூலை மூடியவர்களுள் யானும் ஒருவன். இரண்டாம் முறை, முடிவை அறிந்துகொண்டே படித்தபோது சினம் வேறிடம் சென்றது. மருத்துவர் எங்கும் என்னிடம் பொய் கூறவில்லை. அவர் கூறாமல் விட்ட இடங்களை என் நல்லெண்ணத்தால் நானே நிரப்பிக்கொண்டேன். கிங்ஸ் அபட் மக்களும் அதனையே செய்தனர். பல்லாண்டு நாடி பிடித்துப் பார்த்தவர், அமைதியானவர், நகைச்சுவை அறிந்தவர். அவரை எவர் ஐயுறுவர்? ஆதலின் சேயர்ஸ் பக்கமே வழக்கு வெல்கிறது என்பது என் துணிபு.

இவ்வகைக் கதைகளைப் படித்தலே வீண் என்பார் பிறிதொரு சாரார். 1944இல் எட்மண்ட் வில்சன் 'நியூயார்க்கர்' இதழில் அவ்வாறு எழுதியபோது வாசகர் மடல்கள் வந்து குவிந்தன. அவர்கள் பரிந்துரைத்த நூல்களைப் படித்துப் பார்த்து, 1945இல் மீண்டும் ஒரு கட்டுரை எழுதினார். அக்ராய்டைக் கொன்றவர் யாராயிருந்தால் என்ன என்பதே அதன் தலைப்பு. எனினும் கட்டுரை எடுத்துப் பேசியவை பிற நூல்களையே! அக்ராய்டின் பெயரை இரவல் வாங்கியதோடு சரி. கவிஞர் ஆடனோ 1948இல், இக்கதைகள் தமக்குப் புகையிலை போன்ற பழக்கம் என்று ஒப்புக்கொண்டு, களம் ஆங்கிலச் சிற்றூராகவே அமைய வேண்டும் என்றார். மாசற்ற இடத்தில் கிடக்கும் பிணமே அதிர்ச்சி தரும் என்பது அவர் கருத்து. கிங்ஸ் அபட் மாசற்ற இடமன்று. முதற்பக்கத்திற்கு முன்னரே ஒரு கணவர் நஞ்சூட்டப்பட்டிருக்கிறார். ஆடனின் கொள்கை இந்நூலுக்கு முழுதும் பொருந்தவில்லை.

2013இல் பிரித்தானியக் குற்றப்புதின எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்து இதனையே தலைசிறந்த குற்றப்புதினமாகத் தேர்ந்தனர். அதனினும் வியப்பானது 1998இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் பியேர் பயார் எழுதிய நூல். புவாரோவின் தீர்ப்பே பிழை, கொன்றவர் கரோலின் என்பது அவர் முடிபு. தம்பியைக் காக்கத் தமக்கை கொன்றாள். தமக்கையைக் காக்கத் தம்பி பழியேற்றான் என்று அவர் கதையை மாற்றிப் படிக்கிறார். நூலிலுள்ள தடயங்கள் இதற்குப் போதா. ஆயினும் வாசகர் கண் கரோலின்மீது விழுவது இயல்பே. 1928இல் இப்புதினம் நாடகமானபோது முதுகன்னியான கரோலினை நீக்கி, இளம்பெண் ஒருத்தியை வைத்தனர். கிறிஸ்டி அதனைச் சிறிதும் விரும்பவில்லை. மிஸ் மார்ப்பிள் என்னும் முதிய துப்பறிவாளர் பிறந்ததற்குக் கரோலினைப் படைத்தபோது பெற்ற இன்பமே காரணமாயிருக்கலாம் என்றும் அவர் எழுதியுள்ளார்.

இறுதியில் புவாரோ மருத்துவர்க்கு ஒரு வழி விடுகிறார். தூக்கமருந்தை மிகுதியாக உட்கொண்டு உயிர்விட்டால் தமக்கைக்கு உண்மை தெரியாமற் போகலாம் என்பதே அவ்வழி. ஊரில் எவர் வீட்டில் எது நிகழ்ந்தாலும் மாலைக்குள் அறிந்துவிடும் கரோலின், உணவுமேசையில் தன்னெதிரே அமர்ந்திருந்தவனை மட்டும் அறியவில்லை. அறிந்தும் வாளாவிருந்தாரோ? புதினம் அதனைச் சொல்லவில்லை. மருத்துவர் தம் கைப்படியை முடித்துவிட்டு மருந்தை நாடுகிறார்.