பெருங்குடல் புண்ணும் நல்ல கிருமிகளும்

ஆற்றுகால் பொங்காலையன்று நம் திருவனந்தபுரம் எப்படி இருக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். கிழக்கேகோட்டை, சாலை, கரமனை என்று எங்கு பார்த்தாலும் செங்கல் அடுப்புகள்தாம். 2009-ல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. காலையில் அடுப்பருகே அமர்ந்தால் நைவேத்தியம் முடியும்வரை இடத்தை விட்டு நகர இயலாது. எங்கள் தெருவில் ஒரு மாமி, ஆண்டுதோறும் தவறாமல் போய்க்கொண்டிருந்தவர், திடீரென்று நிறுத்திவிட்டார். காரணம் கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். உண்மையில் அவருக்கு வந்திருந்தது 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்னும் பெருங்குடல் புண் நோய்.

இந்நோயில் பெருங்குடலின் உட்சுவர் அழற்சியுற்றுப் புண்ணாகிறது. மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். இரத்தமும் சளியும் கலந்த பேதி, வயிற்று வலி, சோகை எல்லாம் உண்டு. ஆனால் நோயாளியை வாட்டுவது அவசரம்தான். 'இதோ வருகிறது' என்றால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காது. சீதபேதி என்று எண்ணி மாதக்கணக்கில் கைவைத்தியம் செய்வோர் நம்மில் அதிகம். சீதபேதி கிருமியால் வருவது, மருந்துக்குப் போய்விடும். இதுவோ அடங்குவதும் மீண்டும் கிளம்புவதுமாக ஆயுள் முழுதும் கூடவே வரும். உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் குடலைத் தாக்குவதால் வருவது இது.

இதை வெளியில் சொல்ல யாருக்கும் வாய் வராது. கல்யாணப் பந்தியில் உட்கார மாட்டார்கள். நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போக மாட்டார்கள், ரயில்தான். கனடாவில் 1989-ல் மருத்துவர்கள் இதற்கென்றே 32 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வகுத்தார்கள். எத்தனை முறை வெளியே போனீர்கள் என்பதோடு நிற்காமல் களைப்பு, மனக்கவலை, விசேஷங்களைத் தவிர்த்தல் ஆகியவற்றையும் அது கேட்கிறது. புண் ஆறியது என்று டாக்டர் சொன்னால் மட்டும் போதாது, மனிதர் பழையபடி நடமாடுகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. வெகு நியாயமானது.

இனி நல்ல கிருமிகளுக்கு வருவோம். முதல் உலகப் போரின்போது, கூட இருந்தவர்கள் எல்லாம் பேதியால் அவதிப்பட, ஒரு ஜெர்மானியச் சிப்பாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் குடலிலிருந்து ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற மருத்துவர் 1917-ல் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 2004-ல் வெளியான ஆய்வொன்றில், நோய் அடங்கியிருந்த 327 பேரில் ஒரு பகுதியினர் இந்தப் பாக்டீரியாவையும், மற்றவர்கள் வழக்கமான மெசலசின் மாத்திரையையும் ஓராண்டு உட்கொண்டனர். நோய் திரும்பியது முறையே 36.4, 33.9 சதவீதம் பேருக்கு. ஏறக்குறைய சமம் எனலாம்.

நம் நாட்டிலும் ஒரு நல்ல ஆய்வு நடந்தது. லூதியானாவின் அஜித் சூட் முதலிய மருத்துவர்கள், இலேசான அல்லது நடுத்தர நிலையில் நோய் உள்ள 147 பேரிடம் எட்டு வகைப் பாக்டீரியாக்கள் சேர்ந்த ஒரு கலவையைச் சோதித்து 2009-ல் வெளியிட்டனர். 12 வாரங்களில் கலவை உண்டவர்களில் 42.9 சதவீதம் பேருக்கும், வெறும் பொடி உண்டவர்களில் 15.7 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியது. ஒரு வேளைக்கு 3.6 லட்சம் கோடி பாக்டீரியாக்கள், நாளைக்கு இரு வேளை! 'நாங்கள் தினமும் மோர் குடிக்கிறோமே' என்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்கவும். நீர்மோரும் பழங்கஞ்சியும் நல்ல ஆகாரம், ஒத்துக்கொள்பவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். அவற்றை இந்நோய்க்கு மருந்து என்று சொல்ல ஆதாரம் போதாது.

கடையில் 'புரோபயாட்டிக்' என்று கிடைப்பதெல்லாம் ஒன்றல்ல. வகை மாறினால் பலனும் மாறும். அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் சங்கம் 2020-ல், இந்நோய்க்கு இவற்றை ஆய்வுக்குள் மட்டுமே கொடுப்பது நல்லது என்று கூறிவிட்டது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள் டாக்டரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது.

மாமி அந்தத் தவற்றைத்தான் செய்தார். யாரோ சொன்னார்கள் என்று காப்ஸ்யூல் வாங்கி விழுங்கினார். இரண்டு மாதம் வயிறு சமாதானமாக இருந்தது. 'இனி எதற்கு இந்த மாத்திரை?' என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை நிறுத்தினார். ஆறாவது வாரம் இரத்தப் போக்குடன் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்போது மாத்திரை தவறுவதில்லை. காப்ஸ்யூலையும் டாக்டர் அனுமதியோடு சாப்பிடுகிறார், அதனால் வயிற்று உப்புசம் குறைந்திருப்பதாகச் சொல்கிறார்.

2021-ல் கொரோனாவை முன்னிட்டு எல்லோரும் அவரவர் வீட்டிலேயே பொங்காலை இட வேண்டும் என்றார்கள். மாமி வாசலில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினார். அன்று முழங்கால் வலியைப் பற்றி யாரும் அவரிடம் விசாரிக்கவில்லை.