மலையூர்ப் பள்ளியில் கடற்பாடம்

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோது, கடலோரம் முழுவதும் தாய் மாவட்டத்தோடேயே நின்றுவிட்டது. ஆகவே, கடலில் சேரும் குப்பையைப் பற்றிக் கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவுவது இயல்பே. அதற்குரிய விடை கோமுகியில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலை அடைகின்றன. ஓடைக்கரையில் வீசிய மிட்டாய்க் காகிதத்திற்கு ஐப்பசி, கார்த்திகை வெள்ளமே வாகனம். வழியில் அணையிலும் புதரிலும் தங்குவது போக, எஞ்சியது கடல் சேரும்.

பள்ளிகளில் இப்பாடத்தைப் படங்காட்டித் தொடங்குகிறார்கள். கடல் நடுவே குப்பை மலையொன்று தீவுபோல் மிதப்பதாகப் பிள்ளைகளும் வரைந்து தருகிறார்கள். உண்மை அதுவன்று. 1997ஆம் ஆண்டில் சார்லஸ் மூர் என்னும் மாலுமி பசிபிக் சமுத்திரத்தின் வட பாகத்தில் கண்டது, காலூன்றி நிற்கக்கூடிய தீவன்று. நாள்தோறும் கண்ணிற்பட்டுக்கொண்டேயிருந்த சிதறிய துண்டுகள். நீரோட்டங்கள் சுழலும் அவ்விடத்தின் பரப்பு சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டர் என 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. நம் தமிழ்நாட்டைப் போல் பன்னிரண்டு மடங்கு! எடையில் ஏறக்குறையப் பாதி மீன்வலைகள். எண்ணிக்கையிலோ நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகள். இந்துமகா சமுத்திரத்தின் தென்பாகத்திலும் இத்தகைய சுழலொன்று உண்டு.

துணுக்குகள் எங்ஙனம் உண்டாகின்றன என்பதை விளக்க உபாத்தியாயர் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. வேலியில் மாட்டிய உரச்சாக்கு கோடை வெயிலில் காய்ந்து, தொட்டவுடன் பொடிப்பொடியாய் உதிர்வதைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை அறியும். அது மட்கிப்போவதன்று, சிறுத்துப் போவதே. பின்னர் ஒரு வாளி நீரில் உமியையும் அப்பொடியையும் தூவிக் கலக்கி, உமியை மட்டும் பொறுக்கச் சொல்லலாம். உமியை மீனின் இரையென்று வைத்துக்கொண்டால், மீன் படும் பாடு விளங்கிவிடும். நம் கரைகளில் முட்டையிட வரும் பங்குனி ஆமை, மிதக்கும் பிளாஸ்டிக் பையை ஜெல்லி மீனென்று விழுங்குவதும் அப்பொழுது புரியும்.

நிற்க. நெசவாளர் அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிற்று. மகிழ்ச்சிதான். ஆனால் பாலியெஸ்டர் நூல் கலந்த பைக்கு மஞ்சள் சாயம் தோய்த்துவிட்டால் அது மஞ்சப்பையாகிவிடாது. அந்நூலும் பிளாஸ்டிக்கே, துவைக்குந்தோறும் இழைத்துகளை உதிர்ப்பது. விலை சற்றுக் கூடினும், பள்ளிக்குத் தரும் பை பருத்தியாகவே இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

ஆயினும் நம்மை உறுத்துவது வேறு. பாடங்கேட்டு வீடு திரும்பிய சிறுமி, உறையை எறியாமல் கையில் வைத்துக்கொண்டு, “இதை எங்கே போடுவது, அம்மா?” என்று கேட்கிறாள். குப்பை வண்டி எட்டாத மலைச் சிற்றூரில் அத்தாய் என்ன சொல்வாள்? அடுப்பில் போடச் சொல்வாள். புகையை இருவரும் சுவாசிப்பார்கள். போக்கிடம் காட்டாமல் பிள்ளையின் தலையில் குற்றத்தை மட்டும் ஏற்றுவது கல்வியாகாது.

இங்கேதான் சங்கம் கைகொடுக்கலாம். நியாயவிலைக் கடை வாயிலில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை அதில் போடச் செய்யலாம். நிறைந்த சாக்கு மழையில் நனையாதிருக்கத் திண்ணையில் ஓர் இடம் வேண்டும். கீழே பெற்றுக்கொள்ள நகராட்சியோடு முன்கூட்டியே பேசி வைத்தல் வேண்டும். நிர்வாகக் குழு தீர்மானம் ஒன்று போதும். அரிசி மூட்டைகளை இறக்கிவிட்ட லாரி எப்படியும் மலையிறங்கத்தான் போகிறது.