எதை முதலில் வாசிப்பது?

ஐப்பசி மாதத்து மாலைகளில் ஏற்காட்டு மலையில் இருள் சற்று முந்தியே இறங்கிவிடுகிறது. வாழவந்தியில் நம் தம்பி குடியிருந்த வீட்டை நாம் சென்றடைந்தபோது, சில்வர் ஓக் மரங்களினூடே புகுந்த பனிமூட்டம் முற்றம் வரை வந்திருந்தது. தம்பி இறைவனடி சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதி வந்தவர். அவர் மனைவியும் பதின்மூன்று வயது மகனும் மாத இறுதிக்குள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சேலத்தில் ஒரு சிறு வீட்டிற்குக் குடிபெயர இருந்தனர். சாமான்களைக் கட்டுவதற்கு உதவியாக நாம் சென்றிருந்தோம்.

பாத்திரங்களையும் துணிமணிகளையும் கட்டி முடித்தபின் எஞ்சியது ஒரு தகரப் பெட்டி. திறந்தால் அந்துருண்டை மணத்தோடு நூற்றுக்கு மேற்பட்ட சித்திரக்கதைப் புத்தகங்கள்! பள்ளிச் சிறுவனாக இருந்த நாள் தொட்டுத் தம்பி சேர்த்தவை அவை. "அந்த வீட்டில் இவ்வளவையும் வைக்க இடமில்லை. பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடலாமா?" என்று தம்பியின் மனைவி கேட்டார். அவர் குரலில் வெறுப்பு இல்லை, களைப்புதான் இருந்தது.

மகன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து நம் அருகில் வந்தமர்ந்தான். "பெரியப்பா, அப்பாவின் புத்தகங்களைப் படிக்க வேண்டுமென்று இரண்டு முறை எடுத்தேன். எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை. ஒரு புத்தகத்தில் கெட்டவனாக இருப்பவன் இன்னொரு புத்தகத்தில் நல்லவனாக இருக்கிறான். அதனால் மூடி வைத்துவிட்டேன்" என்றான்.

நியாயமான குறைதான். அவனுடைய குழப்பம் அவனுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் சித்திரக்கதை வாசிப்போர் அனைவருக்கும் பொதுவானது. அன்றிரவு விளக்கடியில் அமர்ந்து, அந்தப் பெட்டியை ஒழுங்கு செய்யத் தொடங்கினோம். அப்போது நாம் அறிந்தவற்றையும், ஒரு சிறுவனிடம் கற்றுக்கொண்டதையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

குழப்பத்தின் வேர்

சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டு 'முத்து காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் 'லயன் காமிக்ஸ்' தோன்றியது. நம் தலைமுறையினர் பலருக்கு இவ்விரு பெயர்களும் பள்ளி நாட்களோடு இணைந்தவை. இவ்விதழ்களின் அட்டையில் உள்ள எண், வெளியீட்டாளரின் வரிசை எண். ஒரு மாதம் ஒரு நாயகர் வருவார், மறுமாதம் வேறொருவர் வருவார். எனவே அட்டை எண்ணை நம்பி அடுக்கினால், எந்த நாயகரின் வாழ்க்கையும் தொடர்ச்சியாக அமையாது.

இரும்புக்கை மாயாவியின் கதை 1962இல் 'வேலியண்ட்' என்னும் ஆங்கில வார இதழில் பிறந்தது. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்து, அந்தக் கை மட்டும் தெரியும். தொடக்கத்தில் அவன் தீய வழியில் செல்கிறான். பின்னரே திருந்தி, அரசின் இரகசிய உளவாளியாகிறான். 1965இல் மற்றோர் ஆங்கில வார இதழில் தோன்றிய 'ஸ்பைடர்' கதையும் இத்தகையதே. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அதன் பல கதைகளை எழுதினார். குற்ற உலகின் மன்னனாக முடிசூட விரும்பிய ஸ்பைடர், நாளடைவில் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறுகிறான். பிந்திய கதையை முதலிலும் முந்திய கதையைப் பிறகும் எடுத்த சிறுவன் திகைத்ததில் வியப்பென்ன? தவறு அவன் அறிவில் இல்லை, அடுக்கில் இருந்தது.

நாயகர்கள் ஒன்றுகூடும்போது

ஒரே நாயகரின் கதைக்கே இவ்வளவு சிக்கல் என்றால், பல நாயகர்கள் ஒரே பெருங்கதையில் ஒன்றுகூடும்போது என்னாகும்? அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1984 மே முதல் 1985 ஏப்ரல் வரை தேதியிட்டு, 'சீக்ரெட் வார்ஸ்' என்ற தொடரைப் பன்னிரண்டு இதழ்களாக வெளியிட்டது. அதுவரை தத்தம் தனி இதழ்களில் உலாவிய நாயகர்கள் தொலைதூர உலகொன்றில் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்களுள் ஸ்பைடர்மேனும் ஒருவர். (இவர் மேலே கூறிய ஸ்பைடர் அல்லர்.) 1984 மே மாதத் தேதியிட்ட அவருடைய சொந்த இதழிலேயே அவர் புதிய கறுப்பு உடையோடு திரும்பி வந்துவிட்டார். ஆனால் அந்த உடை அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதைப் பெருந்தொடரின் எட்டாவது இதழே கூறியது. அந்த இதழின் தேதி 1984 டிசம்பர்! விளைவை முதலில் கண்ட வாசகர்கள், காரணத்தை அறிய ஏழு மாதம் காத்திருந்தார்கள்.

2006 – 2007இல் வந்த 'சிவில் வார்' என்ற பெருந்தொடரின் அடிப்படைக் கதை ஏழே இதழ்கள். ஆனால் அதைச் சுற்றி மற்ற நாயகர்களின் இதழ்களில் ஏராளமான கிளைக் கதைகள் வளர்ந்தன. நம் பெட்டியில் உறங்கிய நாயகர்களுக்கும் இத்தகைய கூட்டம் நேர்ந்ததுண்டு. 2005 – 2006இல் ஆறு இதழ்களாக வந்த 'ஆல்பியன்' என்ற ஆங்கிலத் தொடர், இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி முதலிய பழைய நாயகர்களை ஒரே கதைக்குள் கொண்டுவந்தது. அதை வாசிக்குமுன் இவர்கள் ஒவ்வொருவரின் தனிக்கதையையும் ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் அது முன்பின் அறியாதவர்கள் கூடிய திருமண வீடு போலத்தான் தோன்றும்.

இரு வரிசைகள்

இத்தகைய கதைகளை வாசிக்க இரு வழிகள் உண்டு. வெளிவந்த வரிசை ஒன்று. கதைக்குள் நிகழ்ச்சிகள் நடக்கும் கால வரிசை மற்றொன்று. இவை எப்போதும் ஒத்துப்போவதில்லை.

இதற்கு நம் மொழியிலேயே நல்ல சான்று உண்டு. கல்கியின் 'பார்த்திபன் கனவு' 1941 – 43 காலத்தில் தொடராக வந்தது. 'சிவகாமியின் சபதம்' அதன் பின்னர், 1944 – 46இல் வந்தது. ஆனால் பின்னால் எழுதிய நூலில் நரசிம்மவர்மர் இளவரசர். முன்னால் எழுதிய நூலில் அவர் வயது வந்த மகளுக்குத் தந்தை. திருவிவிலியத்தில் புனித பவுலின் திருமுகங்களும் எழுதப்பட்ட வரிசையில் அமையவில்லை. ஏறக்குறைய நீளத்தின்படி அடுக்கப்பட்டிருப்பதால், உரோமையருக்கு எழுதிய நீண்ட திருமுகம் முதலில் நிற்கிறது. மிகப் பழையதென அறிஞர் பலர் கருதும் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகமோ பின்னால் நிற்கிறது. வரிசை என்பது ஒன்றே அன்று. அது நாம் எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதன்முறை வாசிப்போருக்கு வெளிவந்த வரிசையே நல்லது என்பது நம் கருத்து. ஓர் ஆசிரியர் தம் வாசகர் இதுவரை எதை அறிந்திருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தே அடுத்ததை எழுதுகிறார். கறுப்பு உடை எங்கிருந்து வந்தது என்று வாசகர் ஏங்க வேண்டும் என்பதே அவர்கள் திட்டம். கால வரிசையில் மாற்றி அடுக்கினால் தெளிவு கிடைக்கும், ஏக்கம் போய்விடும். இரண்டாம் முறை வாசிக்கும்போது கால வரிசையில் வாசிக்கலாம். அப்போது முன்பு கண்ணில் படாதவை புலப்படும்.

மரமும் கொடியும்

சிறுவனுக்கு இதை விளக்க, வாசலில் நின்ற மரத்தையே காட்டினோம். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தின்மீது மிளகுக்கொடி படர்கிறது. மரத்தை நட்டு அது உயர்ந்த பிறகே கொடியை ஏற்றுவார்கள். "அடிப்படைக் கதை மரம், கிளைக் கதை கொடி. மரத்தை முதலில் படி" என்றோம்.

பெட்டியிலிருந்த 'இரத்தப் படலம்' இதற்குப் பொருத்தமாக அமைந்தது. 'பதின்மூன்று' என்னும் எண்ணையே பெயராகக் கொண்ட இக்கதை, 1984இல் பெல்ஜியத்தின் 'ஸ்பிரூ' வார இதழில் தொடங்கியது. எழுதியவர் வான் ஹாம். வரைந்தவர் வில்லியம் வான்ஸ். நினைவிழந்து கடற்கரையில் ஒதுங்கிய ஒருவன் தான் யாரென்று தேடுகிறான். அவன் உடலில் பச்சை குத்தப்பட்ட அந்த உரோமை எண் ஒன்றே அவனுக்குத் துணை. லயன் காமிக்ஸ் இதைத் தமிழில் பகுதி பகுதியாக வெளியிட்டது. வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2010இல் பதினெட்டுப் பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்தன.

மூல வரிசையில் 2007 வரை பத்தொன்பது நூல்கள் உள்ளன. ஆனால் கதைப் பாகங்கள் பதினெட்டே. ஏனெனில், பதின்மூன்றாவது எண்ணில் வந்தது சித்திரக்கதை அன்று. ஒரு விசாரணைக் கோப்பு. பதினெட்டாவது நூல் பழைய நிகழ்ச்சிகளைக் கூறுகிறது. அதை வரைந்தவர் நம்மவர் 'கேப்டன் டைகர்' என்று அறிந்த கதைகளின் ஓவியர் ஜிரோ. 2008 முதல் 2018 வரை துணைப் பாத்திரங்களைப் பற்றிப் பதின்மூன்று தனி நூல்களும் வந்தன. இவை கொடிகள். இவற்றை முதலில் வாசிப்பவர், நாயகனே அறியாத இரகசியங்களை அறிந்துகொண்டு அவனருகில் நடக்க நேரிடும். நினைவிழந்தவனோடு சேர்ந்து நாமும் அறியாதிருப்பதல்லவா அக்கதையின் சுவை?

டைகர் கதைகளுக்கும் இதே விதிதான். பிரான்சில் 1963இல் அவருடைய கதை தொடங்கியது. அவருடைய இளமைக்காலக் கதைகள் 1968 முதற்கொண்டே வந்தன. இளமை முந்தியது என்பதற்காக அவற்றை முந்தி வாசிக்க வேண்டுவதில்லை.

அடுக்கும் முறை எளிது. முதலில் நாயகர்வாரியாகப் பிரிக்க வேண்டும். அடுத்து, உட்பக்கத்தில் ஆண்டைப் பார்த்து, மறுபதிப்புகளை இனம்காண வேண்டும். 'முன் இதழைக் காண்க' என்பது போன்ற ஆசிரியர் குறிப்புகள் எங்கேனும் இருந்தால் அவற்றை நம்பலாம். ஒரு பாகம் இல்லையென்றால் அதன் இடத்தில் ஒரு வெற்றுத்தாளை வைத்துவிட்டு மேலே செல்ல வேண்டும். கிடைக்காத பாகத்திற்காக வாசிப்பை நிறுத்திவைத்தால் பெரும்பாலும் அது நின்றே போகும்.

மூன்றாவது வரிசை

உட்பக்கங்களை இவ்வாறு புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், அட்டையின் உட்புறத்தில் பென்சில் எழுத்துகள் தென்பட்டன. தம்பியின் கையெழுத்து! ஒவ்வொரு புத்தகத்திலும் அதை வாசித்த தேதியும் ஒரு வரியும். 'பரீட்சை முடிந்த நாள்.' 'சேலம் பழைய புத்தகக் கடை. கடைசிப் பக்கம் இல்லை.' 'அண்ணனுக்குத் தெரியாமல் வாங்கியது.' இதைக் கண்டு நாம் சிரித்தோம். பிறகு சிரிக்க இயலவில்லை. ஒரு கதையின் இரண்டாம் பாகத்தை வாசித்து நான்கு ஆண்டுகள் கழித்தே முதல் பாகம் அவர் கைக்கு எட்டியிருக்கிறது. அதில், 'அப்பாடா!' என்று மட்டும் எழுதியிருந்தார்.

நள்ளிரவுக்குள் குறிப்பேடொன்றில் வெளிவந்த வரிசையை எழுதி முடித்தோம். சிறுவன் அதைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தான். பிறகு மற்றொரு தாளை எடுத்து, பென்சில் தேதிகளை ஒவ்வொன்றாகக் குறிக்கத் தொடங்கினான். "இந்த வரிசையில் படித்தால் கதை முன்பின்னாகும். நடுவில் ஒன்றும் புரியாது" என்று எச்சரித்தோம்.

"கதை தெரிய வேண்டுமென்றால் நீங்கள் சொன்ன வரிசை சரி, பெரியப்பா. அதை இரண்டாம் முறை படிக்கிறேன். இப்போது அப்பா எப்படிப் படித்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றான்.

நம்மிடம் மறுமொழி இல்லை. தந்தையைப் பற்றி அவன் தானாக வாய் திறந்து பேசி நெடுநாளாயிற்று என்று அவன் தாய் பிறகு நம்மிடம் கூறினார்.

விடிந்ததும் தம்பியின் மனைவி பெட்டியருகே வந்தமர்ந்தார். மகன் ஒரு புத்தகத்தைத் திறந்து அவரிடம் நீட்டினான். 'மகன் பிறந்தான். மருத்துவமனை வாசலில் காத்திருந்தபோது பாதி. பிறகு மீதி' என்றிருந்தது. "இப்படி எழுதி வைத்திருப்பது எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லி, அந்த வரியை விரலால் தடவினார். பழைய காகிதக்காரரைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. இன்று அந்தத் தகரப் பெட்டி சேலத்து வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சிறுவன் ஏழாவது புத்தகத்தில் இருப்பதாகவும், ஒன்றும் புரியவில்லை என்றும், நன்றாக இருக்கிறது என்றும் சென்ற வாரம் தொலைபேசியில் கூறினான்.

பெற்றோரே, உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். சிறார் எதை முதலில் வாசிப்பது என்று கேட்டால், வெளிவந்த வரிசையைக் காட்டுங்கள். மரத்தை முன்னும் கொடியைப் பின்னும் வையுங்கள். ஆனால் எதையும் எடைக்குப் போடுமுன் அட்டையின் உட்புறத்தை ஒருமுறை பாருங்கள்.