எச்சரிக்கை யாருக்கு?

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகக் கிழக்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை ஊவா மாகாணத்தில் ஏறும் இடத்தில், மலையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் சிற்றூர் ஹல்துமுல்லை. தெற்கே பார்த்தால் நிலம் பல்லாயிரம் அடி கீழே இறங்கிச் சமவெளியாக விரிந்து கிடக்கும். வடக்கே பார்த்தால் தேயிலை மலைகள் அடுக்கடுக்காக ஹப்புத்தளை வரையில் ஏறிச் செல்லும். அம்மலை லயமொன்றில் பிறந்தவன் நான். படித்து ஆசிரியனாகிச் சாலையோரத்தில் வீடு கட்டிக்கொண்டவன். 2015-ஆம் ஆண்டில் ஒரு முதியவள் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

அவ்வாண்டு எங்கள் சிறிய ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை நடந்தது. மக்கள் பூசணியும் வாழைத்தாரும் தேயிலைக் கொழுந்தும் கொண்டுவந்து பீடத்தின் முன் வைத்திருந்தார்கள். அன்றைய பிரசங்கத்தை என்னையே செய்யுமாறு குருவானவர் பணித்தார். நான் எடுத்துக்கொண்டது லூக்கா சுவிசேஷத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானின் உவமை. விளைச்சல் பெருகியதனால் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவை கட்டத் திட்டமிட்டவன், அன்றிரவே உயிர் கேட்கப்படுவதை அறியாதிருந்தான் என்பது கதை. ‘நாளை நம் கையில் இல்லை, ஆகையால் பணத்தை நேசியாதீர்கள்’ என்று நான் உருக்கமாகவே பேசினேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஓய்வுபெற்ற கொழுந்தெடுக்கும் தொழிலாளியான மூதாட்டி ஒருத்தி என் அருகே வந்து நின்றாள். அவள் குரலில் சினம் இல்லை.

“வாத்தியாரய்யா, நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா சேத்து வெக்க எங்ககிட்ட என்னா இருக்கு? இது யாருக்குச் சொன்ன பேச்சுங்க?”

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். வீடு திரும்பியதும் வேதப் புத்தகத்தைத் திறந்து, அந்த எச்சரிக்கைகள் ஒவ்வொன்றும் எவரை நோக்கிச் சொல்லப்பட்டவை என்று தேடிப் பார்க்கலானேன்.

பணமே எல்லாத் தீமைக்கும் வேர் என்று வேதம் கூறுவதாகப் பலர் நினைக்கிறார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபம் குற்றஞ்சாட்டுவது பணத்தின் மேலுள்ள ஆசையை. வனாந்தரத்தில் மன்னா பொழிந்த வரலாற்றில் அன்றன்றைக்கு வேண்டியதைப் பொறுக்கியவன் உண்டான். மறுநாளைக்கென்று ஒளித்து வைத்தவனுடையது புழுத்து நாறியது. ஏசாயா தீர்க்கதரிசி, அயலாருக்கு இடமில்லாமற்போகுமளவும் வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்பவர்களைப் பார்த்து ஐயோ என்கிறார். உபாகமம், கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடும்படி கட்டளையிடுகிறது. யாக்கோபின் நிருபமோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பூட்டி வைத்த பொன் துருப்பிடிக்கும். அத்துரு உடையவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலி வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் என்பது அதன் கருத்து.

இவற்றுள் ஒன்றேனும் கூலி வாங்குகிறவனை நோக்கியதன்று என்பதைக் கண்டேன். களஞ்சியத்தின் சாவி எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கே அவை அனுப்பப்பட்டிருக்கின்றன. நானோ வேறொருவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்து, களஞ்சியமே இல்லாதவர்களிடம் வாசித்துக் காட்டியிருந்தேன்.

பூச்சியும் துருவும் கெடுக்கும் இவ்வுலகப் பொக்கிஷத்தைப் பற்றி மலைப்பிரசங்கம் எச்சரிக்கிறது. அந்தத் துரு எங்கள் ஊவாவுக்கே ஒருமுறை வந்து போயிருக்கிறது. 1869-ஆம் ஆண்டில், இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையில், கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருப்பது முதன்முதலில் காணப்பட்டது. அதனை ஆராய்ந்து பெயரிட்ட மைல்ஸ் ஜோசப் பெர்க்லி இங்கிலாந்தில் ஒரு குருவானவர் என்பது வியப்பான பொருத்தம். ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் அப்பெயரின் பிற்பகுதிக்குப் பாழாக்குவது என்று பொருள். நாம் அதை இலைத்துரு நோய் என்கிறோம்.

தோட்டத் துரைமார் உடனே அஞ்சிவிடவில்லை. கோப்பியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. காடுகளை வெட்டி மேலும் மேலும் கோப்பியே நட்டார்கள். 1870-களின் பிற்பகுதியில் இலங்கையில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி நின்றது. ஒரே பயிரை மலை முழுவதும் நெருக்கி வளர்த்தமை காற்றில் பரவும் நோய்க்குப் பெரும் வாய்ப்பாயிற்று. உவமையில் வரும் ஐசுவரியவானும் இப்படித்தானே களஞ்சியத்தைப் பெருக்கினான்! ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து அவ்விடத்தில் தேயிலை வந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-இல் முறிந்தது. அவ்வங்கி வெளியிட்ட நோட்டுகள் மக்கள் கையில் வெறுங்காகிதமாகிவிடாமல், அன்றைய தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசாங்கத்தின் பொறுப்பில் அவற்றுக்கு உத்தரவாதம் கொடுத்தார்.

துரு பொக்கிஷத்தைத் தின்றது என்பதோடு கதை முடிந்திருந்தால் அது நல்ல நீதிக் கதையாகியிருக்கும். ஆயின் துரைமார் நட்டப்பட்டபோது, பல தோட்டங்களில் தொழிலாளரின் கூலி மாதக்கணக்கில் நிலுவையாக நின்றது. சேர்த்தவன் செய்த பிழைக்குச் சேர்க்காதவன் பட்டினி கிடந்தான். யாக்கோபு சொன்ன கூக்குரல் இம்மலைகளிலும் எழுந்திருக்க வேண்டும்; அதைக் குறித்து வைத்தவர்தாம் குறைவு.

கடல் கடந்து வந்த அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது கடன் ஒன்றையே. வழிச்செலவு கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. அக்கடன் தீர்ந்ததைக் காட்டும் துண்டு கையில் இல்லாமல் ஒருவர் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. அத்துண்டு முறை 1921-இல்தான் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. பிற்காலத்திலும் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ என்று நாட்கூலி பாதியாகும் வழக்கத்தைத் தோட்டத்து வீடுகள் நன்கு அறியும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்று 2015-இல் எழுந்த கோரிக்கை, 2021-இல்தான் வர்த்தமானியில் ஏறியது.

ஹப்புத்தளைக்கு மேலே, சுற்றுலாப் பயணிகள் விடியற்காலையில் சென்று நிற்கும் ‘லிப்டன் சீட்’ என்னும் உச்சி இருக்கிறது. 1890-ஆம் ஆண்டில் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், அங்கிருந்து தம் நிலங்களைப் பார்ப்பாராம். ஏழைக் குடும்பத்தில் பிறந்து உழைப்பால் உயர்ந்த அவர், 1931-இல் இறந்தபோது தம் செல்வத்தில் பெரும்பகுதியைப் பிறந்த நகரமாகிய கிளாஸ்கோவுக்கே எழுதிவைத்தார். அவரை மூடனான ஐசுவரியவான் என்று யாரும் ஏசிவிட முடியாது, அவர் கொடுத்தவர். ஆயினும் அந்த உச்சியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். அங்கிருந்து கிளாஸ்கோவின் ஏழைகள் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். காலடியில் இருந்த லயங்கள் ஏனோ அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

இப்படிப் பிறரைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தவரையில் எனக்கு எவ்வித இடரும் இல்லை. ஆனால் அம்மூதாட்டியின் கேள்வி அங்கே நிற்கவிடவில்லை.

2014 ஒக்டோபர் 29-ஆந் திகதி காலையில், எங்கள் பிரிவைச் சேர்ந்த கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. நான் பிரசங்கம் செய்த நாளுக்கு முந்திய ஆண்டில் நடந்தது அது. ‘நாளை நம் கையில் இல்லை’ என்று நான் சொன்னபோது கேட்டிருந்தவர்களுள் அங்கே உறவினரைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். அவ்விடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எழுந்து போங்கள் என்றார்கள். எங்கே போவது என்பதற்கு விடை இல்லை. சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவனுக்கு அத்தகைய எச்சரிக்கையால் என்ன பயன்? தப்பியவர்களுக்குரிய 75 வீடுகள் 2016 ஒக்டோபரிலேதான் கையளிக்கப்பட்டன.

அந்தக் காலம் முழுவதும் என் பெயரில் சாலையோரத்தில் இருபது பேர்ச் காணி வெறுமையாகக் கிடந்தது. 2012-இல் வாங்கினேன். வீடு கட்டவோ பயிர் செய்யவோ அன்று. விலை ஏறட்டும் என்று. முட்கம்பி வேலி போட்டுப் பூட்டி, மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன். பூதம் காத்த பணம் என்று நம் முன்னோர் சொன்னது வேறு எதை?

சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் உள்ள வேறுபாட்டை அப்போதுதான் உணர்ந்தேன். மகளின் திருமணத்துக்கென்று சீட்டுக் கட்டும் தாய் பதுக்குகிறவள் அல்லள். எறும்பு கோடையில் தானியம் சேர்ப்பதை நீதிமொழிகளே புகழ்கின்றன. சேமிப்புக்கு ஒரு தேவையும் ஓர் எல்லையும் உண்டு. பதுக்கலுக்கு இரண்டும் இல்லை. உவமையில் வரும் அந்த மனிதன் என் தானியம், என் களஞ்சியம் என்று தன்னோடு தானே பேசிக்கொள்கிறான். அவன் பேச்சில் வேறொரு மனிதன் வரவே இல்லை. திருவள்ளுவரும் ‘நன்றியில் செல்வம்’ என்று தனியோர் அதிகாரமே வகுத்து இத்தகைய செல்வத்தை எடைபோட்டிருக்கிறார்.

மறு ஆண்டு அறுப்பின் பண்டிகையில் மீண்டும் பேச நேர்ந்தது. யாக்கோபின் நிருபத்தை எடுத்துக்கொண்டேன். என் காணியைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். பேசி முடித்தபோது, சொல்லிவிட்டதே செய்துவிட்டதற்குச் சமம் என்பது போன்ற ஓர் இலேசான பெருமிதம் உள்ளத்தில் எழுந்ததையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். வாசலில் அதே மூதாட்டி நின்றிருந்தாள்.

“அப்ப அந்தக் காணிய என்னா செய்யப் போறீங்க, வாத்தியாரய்யா?”

அக்கேள்விக்கு விடை சொல்ல எனக்கு மேலும் ஓராண்டு ஆயிற்று. இறுதியில் லயத்தில் இருந்த இரண்டு குடும்பங்களுக்கு ஆளுக்குப் பத்துப் பேர்ச்சாக, நான் வாங்கிய விலைக்கே, தவணையில் கொடுத்தேன். இதைத் தருமம் என்று சொல்லமாட்டேன்; போட்ட பணம் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. இழந்தது இலாபத்தை மட்டுமே.

கடைசித் தவணை கட்டிய அன்று அவர்கள் வீட்டில் தேநீர் அருந்தினேன். சுவருக்கு இன்னும் பூச்சில்லை. வாசலில் ஒரு கொய்யாக் கன்று நட்டிருந்தார்கள். மகிழ்ச்சியோடுதான் வீடு திரும்பினேன். ஆயினும் அன்றிரவு படுக்கையில், அக்காணியின் அந்நாளைய சந்தை விலை என்னவாக இருக்கும் என்று மனம் ஒருமுறை கணக்குப் பார்த்தது.