சிந்திய சோறும் மழலைச் சொல்லும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'தீத்துதல்' என்பதும் ஒன்று. "பிள்ளைக்குச் சோறு தீத்திப்போட்டு வாறன்" என்று தாய்மார் சொல்லக் கேளாதார் இங்கே இலர். மாணாக்கன் ஒருவன் கட்டுரையில் இச்சொல்லை எழுதிவிட்டால், ஆசிரியர் சிவப்பு மையாற் சுழித்து 'ஊட்டுதல்' என்று திருத்துவர். கொச்சைச் சொல் என்பது அவர் கருத்து. ஆராய்ந்து பார்ப்பின், அது நல்ல தமிழ்ச் சொல்லொன்றின் திரிபேயாம். உண் என்னும் தன்வினை ஊட்டு எனப் பிறவினையாதல் போல, தின் என்னும் வினை தீற்று எனப் பிறவினையாகும். சிறுசிறு கவளமாக உண்பித்தலே தீற்றுதல். காற்று பேச்சிலே காத்து ஆவதும், ஊற்றுதல் ஊத்துதல் ஆவதும் போலத் தீற்றுதல் தீத்துதலாயிற்று. இலக்கணம் கல்லாத நம் பாட்டிமாரே இச்சொல்லை நமக்குக் காத்துத் தந்தவர்கள்.

சங்க நூலிலும் இதற்கு ஆட்சி உண்டு. பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் இவ்வினையைக் கையாண்டிருக்கின்றார். ஆனால், அங்கே தீற்றப்படுவது குழந்தை அன்று, ஆண்பன்றி! அதனைப் பெட்டையோடு திரியவிடாது, பல நாள் குழியிலே நிறுத்தி, நெல் இடித்த மாவைத் தீற்றிக் கொழுக்கச் செய்து, விருந்தினர்க்கு ஆக்கிப் படைப்பர் என்கின்றது அந்நூல். வகுப்பில் இப்பகுதியைப் படிப்பிக்கும்போது மாணாக்கர் சிரிப்பர். சிரிப்பு அடங்கிய பின் நான் அவர்களிடம் ஒன்று கேட்பதுண்டு: "குழியில் நிற்கும் உயிருக்கு உணவு கொடுப்பதற்கும், மடியில் இருக்கும் குழந்தைக்கு உணவு கொடுப்பதற்கும் வேற்றுமை யாது?" வயிற்றை நிரப்புவதே நோக்கமாயின் இரண்டும் ஒன்றே. அவ்வளவோடு அமையாது என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

குழந்தை உண்ணும் காட்சியைத் தமிழிலே முதலிற் கூர்ந்து நோக்கியவர்களுள் ஒருவன் பாண்டியன் அறிவுடை நம்பி. புறநானூற்று 188ஆம் பாட்டு அவனுடையது. தளர்நடையிட்டு வந்து, சின்னஞ்சிறு கையை நீட்டி, நெய்ச்சோற்றை நிலத்திலே போட்டு, அளைந்து, வாயில் வைத்து, உடம்பெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையை அவன் செயல் செயலாக அடுக்கிச் சொல்கின்றான். எத்துணைச் செல்வம் உடையவராயினும், பலரோடு கூடி உண்பவராயினும், இத்தகைய மக்களை இல்லாதார் வாழ்நாளாற் பெற்ற பயன் இல்லை என்பது அவன் முடிபு. சோறு சிந்துவதை அரசன் குற்றமாகக் கருதவில்லை, குறும்பென்று பொறுத்துக்கொள்ளவுமில்லை. வாழ்க்கையின் பயனையே அதிற் கண்டான்.

திருவள்ளுவரும் மக்கட்பேற்றைப் பாடுமிடத்துக் குழந்தையின் கை துழாவிய உணவை அமிழ்தினும் மேலாக வைத்தார். அக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், மேற்காட்டிய புறப்பாட்டின் அடிகளையே எடுத்துக்காட்டி விளக்கினார். அரசன் நெய்ச்சோற்றைச் சொன்னான். வள்ளுவர் கூழைச் சொன்னார். கூழென்பது பொதுவாக உணவைக் குறிக்குமெனினும், ஏழை வீட்டுக் கூழும் அதனுள் அடங்கும். உணவின் தரம் எதுவாயினும் அதற்குச் சுவை தருவது அந்தச் சிறிய கையே.

ஆனால், சோற்றின் அருமை அறியாதவரா வள்ளுவர்? அவரைப் பற்றி வழங்கும் கதையொன்றை யாவரும் அறிவர். உணவருந்தும்போது ஊசியொன்றும் சிறு பாத்திரத்தில் நீரும் வைக்கும்படி வாசுகியாரிடம் அவர் கூறியிருந்தாராம். சிந்தும் பருக்கையை ஊசியாற் குத்தி எடுத்து நீரில் அலம்பி உண்பதற்காம். அந்த அம்மையார் ஒருநாளும் ஒரு பருக்கை சிந்தாமையால் ஊசிக்கு வேலை வரவேயில்லை. இது செவிவழிக் கதையே. எனினும், ஒரு பருக்கையையும் வீணாக்காத வீடும், குழந்தை துழாவிச் சிந்தும் வீடும் ஒரே புலவரோடு சார்த்தி எண்ணப்படுதல் நோக்கத்தக்கது. இவ்விரண்டையும் ஒரு வீட்டிலே இணைப்பது எப்படி? இவ்வினா எங்கள் வீட்டிலும் ஒருகால் எழுந்தது.

என் மகனும் மருமகளும் எங்களோடு வாழ்கின்றனர். இருவரும் கந்தோருக்குப் போகின்றவர்கள். 2022ஆம் ஆண்டு பங்குனியில் அவர்களுடைய மகளுக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும். ஓடுவாள், ஏறுவாள், சுட்டிக் காட்டுவாள். பேச்சு மட்டும் அரிது. 'அம்மா', 'தா', 'வேண்டாம்' முதலாக விரல்விட்டு எண்ணத்தக்க சொற்களே அவளிடம் இருந்தன. வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் காதைச் சோதிப்பிக்கும்படி சொன்னார். சோதித்ததில் குறையொன்றும் இல்லை. அப்படியிருந்தும் தாயின் முகத்திலிருந்த கவலை நீங்கவில்லை.

அக்காலத்தில் அவளுடைய காலையுணவு இவ்வாறு நடைபெறும். செம்பொன்றிலே சாய்த்து வைத்த கைத்தொலைபேசியிற் பொம்மைகள் ஆடிப்பாடும். கண் அதிலே நிற்க, வாய் தானாகத் திறக்கும். சோறு உள்ளே போகும். பத்து நிமிடத்தில் கிண்ணம் வெறுமையாகும். என்ன உண்டாள் என்பதைக் குழந்தையும் அறியாள். ஊட்டியவளும் ஒரு சொல் பேசியிராள். என் மருமகளை நான் குறைகூறவில்லை. அவள் ஒருநாள் தானாகவே சொன்னாள்: "மாமா, ஏழரைக்கு நான் வெளிக்கிட வேணும். இவள் தன்ரை கையாலை சாப்பிட வெளிக்கிட்டால் எட்டரையும் ஆகும். அரிசி விக்கிற விலைக்கு அரைவாசி நிலத்திலை கிடக்கும்." அவள் சொன்னதில் பொய்யில்லை. நாடு முழுவதும் தட்டுப்பாட்டில் தவித்த ஆண்டு அது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோம். அரிசியை அளந்து உலையிலிட்டோம்.

அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. கைத்தொலைபேசிகள் உயிரிழந்து கிடந்தன. எரிவாயு இன்மையால் வீட்டின் பின்புறத்து விறகடுப்பு மீண்டும் எரிந்தது. இரவிலே குப்பி விளக்கின் முன் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். என் மனைவி, பழைய வழக்கப்படி, சட்டியிலே சோற்றையும் பருப்பையும் கீரையையும் ஒன்றாகக் குழைத்து உருண்டை பிடித்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். குழையற்சோறு என்று நாம் சொல்வது அதுதான். குழந்தைக்கென்று தடுக்கொன்று விரித்து, நெல்லிக்காயளவு உருண்டை ஒன்றை அவள் கையிலும் வைத்தாள். அது வாய்க்குப் போகுமுன் மூக்குக்கும் கன்னத்துக்கும் போயிற்று. தாய் பதறினாள். என் மனைவி சிரித்துக்கொண்டே, "விடு பிள்ளை, ஒரு உருண்டை முடிஞ்சாப் பிறகுதானே மற்றதைக் குடுக்கிறன். சிந்தினதைக் கோழி பொறுக்கும், கோழி விட்டதை எறும்பு பொறுக்கும்" என்றாள். வாசுகியாரின் ஊசிக்கும் அறிவுடை நம்பியின் சிந்திய சோற்றுக்கும் அவள் செய்த சமாதானம் இதுவே: கொடுப்பது சிறிதாக இருந்தால் சிந்துவதும் சிறிதாகவே இருக்கும்.

விளக்கைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமையால் பேச்சு வளர்ந்தது. "இது ஆருக்கு? அம்மாவுக்கு. இது ஆருக்கு? பூனைக்கு" என்று பேர்த்தியாரின் கை உருண்டைகளைப் பங்கிடும். சில நாளில் உள்ளங்கை விளையாட்டும் சேர்ந்துகொண்டது. குழந்தையின் உள்ளங்கையைச் சட்டியாக்கி, முழங்கையாலே பருப்புக் கடைந்து, விரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கொடுத்து, பின் நண்டும் நரியும் ஊர்வதாகக் கையை மேலே கொண்டுபோய்க் கிச்சுக் காட்டும் அவ்விளையாட்டை அறியாத தமிழ் வீடு இல்லை. மூன்று கிழமை சென்றிருக்கும். ஓரிரவு குழந்தை தன் உருண்டையிலே சிறிது கிள்ளி என் பக்கம் நீட்டி, "அப்பப்பாக்கு" என்றாள்.

பண்டித வகுப்புக்கு நன்னூல் படிப்பிக்கின்ற எனக்கு அச்சொல் தந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அன்றுவரை அவள் பேசியவை தனிச் சொற்கள். எந்த உருபும் ஏலாதவை. முதன்முதலாக ஓர் உருபு வந்தது. அதுவும் நான்காம் வேற்றுமை உருபு. நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களை அடுக்கும் பவணந்தியார் கொடைப் பொருளையே முதற்கண் வைத்தார். ஏன் முதற்கண் வைத்தார் என்று மாணாக்கர் கேட்பதுண்டு. இலக்கணநூலார் கருத்து எதுவாயினும் ஆகுக. குழந்தை அதனைக் கற்ற இடம் எனக்குத் தெரியும். கொடுக்கும் கையைப் பார்த்து, கொடுக்கும் சொல்லைக் கேட்டு, தானும் கொடுக்க முற்பட்டபோது அவளுக்கு அந்த உருபு வேண்டியிருந்தது, வந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் 'கோழிக்கு', 'எறும்புக்கு', 'எனக்கு' என்பனவும், 'இன்னும் சோச்சி தா' போன்ற தொடர்களும் தொடர்ந்தன.

"நிலவைக் காட்டிச் சோறூட்டிய நம் முன்னோரும் பராக்குக் காட்டித்தானே ஊட்டினர்? கைத்தொலைபேசி செய்த குற்றம் யாது?" என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. பிள்ளைத்தமிழில் வழக்கிலுள்ள பத்துப் பருவங்களுள் உண்ணுதல் தனிப்பருவமாக வைக்கப்படவில்லை. ஆயினும், வீட்டு வழக்கை நோக்கினால் அது அம்புலிப் பருவத்துள் அடங்கி நிற்கின்றது என்பது என் துணிபு. அப்பருவத்திலே நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு சாம, பேத, தான, தண்டம் என்னும் நால்வகை உபாயத்தாலும் அழைப்பர். இத்துணைப் பேச்சு ஏன் வேண்டியதாயிற்று? நிலவு பேசாது. ஆகவே, தாய் பேசவேண்டியிருந்தது. கெஞ்சினாள், மிரட்டினாள், கதை புனைந்தாள். கைத்தொலைபேசியோ தானே ஓயாது பேசுகின்றது. அதனால் தாய் பேசாதிருக்கின்றாள். குழந்தை ஒன்று சொன்னால் அதற்கு ஏற்ப மறுமொழி சொல்ல அப்பொம்மைகளால் இயலாது.

இக்கால ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கின்றது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பற்றிசியா கூல் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீனமொழி பேசுவோரைக்கொண்டு 12 முறை கதை வாசிப்பித்தும் விளையாட்டுக் காட்டியும் வந்தனர். நேரிற் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தி அறியக் கற்றன. அதே பேச்சைத் திரையிற் கண்டனவும், ஒலியாக மட்டும் கேட்டனவும் கற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரைக்காட்சி வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேற்படலாகாது என்றும் கூறுகின்றது. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசும் முதியோர் இதனாற் கலங்க வேண்டியதில்லை. அங்கே திரைக்கு அப்பால் மறுமொழி சொல்லும் மனிதர் உளர். பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் பலவாதலால், ஐயமுற்றோர் மருத்துவரை நாடுதலும் வேண்டும், குழையற்சோறு மருந்தன்று.

வேலைக்குப் போகும் தாயிடம் மூன்று வேளையும் இவ்வாறு செய்க என்று சொல்லுதல் அறமாகாது. நான் வேண்டுவது ஒரு வேளையே, பெரும்பாலும் இரவுணவு. அதிலே தந்தைக்கும் பங்குண்டு; சோறு தீத்துதல் பெண்ணுக்கே உரியதென்று எந்த நூலும் விதிக்கவில்லை. புறப்பாட்டிலே சிந்திய சோற்றைக் கண்டு மகிழ்ந்தவனும் ஒரு தந்தை அல்லனோ? கலத்தில் இடுவது சிறிதாகுக. உண்பதன் பெயரைச் சொல்லுக: இது பருப்பு, இது முருங்கையிலை, இது சொதி. கேள்வி ஒன்று கேட்டால், குழந்தை விடை தேடும்வரை பொறுத்திருக்க. பொறுத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முதலாம் வகுப்பிற்கு வரும் பிள்ளைகள் வாய் திறக்கின்றார்கள் இல்லை என்று நாம் முறையிடுகின்றோம். பெற்றோர் கூட்டங்களில் எழுத்தும் எண்ணும் எப்போது முடியும் என்பதைப் பற்றியே பேசுகின்றோம். "இரவிலே பிள்ளையோடு இருந்து உண்கின்றீர்களா? உண்ணும்போது என்ன பேசுகின்றீர்கள்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மாணாக்கர் கட்டுரையில் 'தீத்துதல்' வந்தால், சிவப்பு மையை எடுக்குமுன் அச்சொல்லின் வரலாற்றை வகுப்பிலே சொல்லுங்கள். தம் வீட்டுப் பேச்சுக்கும் இலக்கணத்தில் இடமுண்டு என்று அறிந்த பிள்ளை, பின்னர் வகுப்பிலே பேச அஞ்சமாட்டாது.