மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு படிப்பா?



மருத்துவமனையைப் பார்க்க வந்திருந்த சபையார் சிலரை மருந்து கவுண்டர் பக்கமாக அழைத்துச் சென்றபோது, அங்கு நின்ற நீண்ட வரிசையைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக் கொடுப்பதுதானே வேலை? அதற்கு ஒரு பிள்ளையை இரண்டு வருஷம் படிக்க வைக்க வேண்டுமா?" கேள்வியில் குற்றமில்லை. கவுண்டருக்கு வெளியே நிற்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும். நின்ற இடத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கவுண்டரில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய்க்குத் தினமும் காலையில் 20 யூனிட் இன்சுலின் போட்டுக்கொள்ளும் விவசாயி ஒருவர் வந்திருந்தார். ஒழுங்காக ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. மருத்துவர் அளவைக் கூட்டி 28 யூனிட் என்று எழுதி அனுப்பினார். கவுண்டரில் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி இருந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்தவள், "ஐயா, வீட்ல ஊசி போடுற சிரிஞ்சு கொண்டு வந்திருக்கீங்களா? ஒரு தடவை காட்டுங்களேன்" என்றாள். அவர் பையைத் துழாவி எடுத்தார். மூடி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

விஷயம் அந்த மூடியில்தான் இருக்கிறது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வீதம் உள்ளது. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி. அவரிடம் இருந்த 40 யூனிட் குப்பியில் அது வெறும் 8 யூனிட். எந்தக் கடையிலோ கையில் கிடைத்த சிரிஞ்சைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவரும் மாதக்கணக்கில் 20 போடுவதாக நினைத்து 8 போட்டிருக்கிறார்.

மாணவி தன் மேற்பார்வையாளரான மருந்தாளுநரிடம் சொன்னாள். அவர் எழுந்து மருத்துவரிடம் போனார். பழைய 20 யூனிட்டையே சரியான சிரிஞ்சில் போட்டுக்கொள்ளும்படி மருத்துவர் மாற்றி எழுதினார். அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால்? 28 என்ற கோடு வரை இழுத்து உண்மையில் 11 யூனிட் போட்டுக்கொண்டிருப்பார். அடுத்த முறை வேறொரு கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சு கிடைத்திருந்தால், ஒரே நாளில் 11 யூனிட் 28 ஆகியிருக்கும். வயலில் தனியே வேலை செய்யும்போது சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருந்தால் தூக்கிவிட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நம்மில் வயதானவர்களுக்குக் கம்பவுண்டரை நினைவிருக்கும். காலி பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போவோம். அவர் பெரிய ஜாடியிலிருந்து மிக்ஸரை ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஓரம் வெட்டிய காகிதம் ஒன்றைப் பாட்டிலில் ஒட்டித் தருவார். அந்தக் காலத்திலேயே மிஷன் மருத்துவமனைகள் இந்த வேலைக்குப் பயிற்சி தேவை என்று உணர்ந்திருந்தன. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் கம்பவுண்டர் பயிற்சியைத் துவக்கியது 1903இல். செவிலியர் பயிற்சி 1909இல் வந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: மருத்துவர்களை உருவாக்குவதற்கு முன்பே கம்பவுண்டர்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

நாடு முழுவதற்குமான ஒழுங்கு பிறகுதான் வந்தது. 1930இல் அரசு நியமித்த கர்னல் சோப்ரா குழு, மருந்துத் தொழிலுக்குச் சட்டம் வேண்டும் என்று சொன்னது. 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.எல். ஷ்ராஃப் மருந்தியல் படிப்பைத் துவக்கினார். 1948இல் பார்மசி சட்டம் நிறைவேறியது. மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கலக்கவோ கொடுக்கவோ பதிவு பெற்ற மருந்தாளுநரால் மட்டுமே முடியும் என்பது அதன் 42ஆம் பிரிவு. மருத்துவர் தம் சொந்த நோயாளிக்குத் தாமே கொடுப்பதற்கு விலக்கு உண்டு. அதுவரை அனுபவத்தால் மட்டும் வேலை செய்துவந்த கம்பவுண்டர்களையும் சட்டம் கைவிடவில்லை. 5 ஆண்டுகள் மருந்து கலந்து கொடுத்த அனுபவம் உள்ளவர்களை முதல் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. அந்த வாசல் என்றோ மூடிவிட்டது. இன்றைக்கு எத்தனை ஆண்டு கடையில் நின்றாலும் படிப்பில்லாமல் பதிவு கிடையாது.

அந்தப் படிப்பில் குறைந்த அளவு, டி.பார்ம். என்னும் பட்டயப் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், அத்துடன் உயிரியல் அல்லது கணிதம் படித்துத் தேறியிருக்க வேண்டும். வகுப்பு இரண்டு ஆண்டுகள். உடலின் அமைப்பும் இயக்கமும், மருந்து வேதியியல், மருந்து செய்முறை, மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பது, நோய்களும் சிகிச்சையும், மருந்துச் சட்டம் என்று பாடங்கள் போகும். மூலிகைப் பாடம் நம் பிள்ளைகளுக்குப் பிடித்தமானது. பேதி மருந்தாகிய நிலாவாகை உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயரால்தான் விற்கப்படுகிறது என்றும், வீட்டு முற்றத்தில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் எடுக்கிறார்கள் என்றும் அறியும்போது முகம் மலர்ந்துவிடும். ஆங்கிலப் புத்தகங்கள்தான் தமிழ் வழியில் படித்து வந்தவர்களைத் திணறடிக்கின்றன. முதல் ஆறு மாதத்தில் அழுகிறவர்கள் உண்டு.

தேர்வு எழுதித் தேறிய பிறகும் பதிவு கிடைத்துவிடாது. மருத்துவமனை அல்லது அங்கீகரிக்கப்பட்ட மருந்தகம் ஒன்றில் 500 மணி நேரம், மூன்று மாதங்களுக்குக் குறையாமல் பயிற்சி செய்ய வேண்டும். 1991ஆம் ஆண்டின் கல்வி விதிகள், அதில் 250 மணி நேரமாவது நேரடியாகச் சீட்டுப் பார்த்து மருந்து கொடுப்பதில் கழிய வேண்டும் என்றன. அந்தப் பெரியவருக்கு நான் காட்டியிருக்க வேண்டியது இந்த 500 மணி நேரத்தைத்தான்.

மாணவி முதலில் கற்பது அவசரப்படாமல் இருப்பதை. மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, மெட்ரோனிடசோல் சீதபேதிக்கு. கிறுக்கலான கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. குழந்தையின் காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கே 120 அல்லது 250தான். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். சிரப் என்று எண்ணிச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றிவிட்டால் 500 உள்ளே போகும். அளவுக்கோட்டை விரலால் தொட்டுக் காட்டி, தாயைத் திரும்பச் சொல்லச் சொல்லி, அவர் சரியாகச் சொன்ன பிறகே பாட்டிலைக் கொடுக்க வேண்டும். தலையாட்டுவதை நம்பக் கூடாது. நம் ஊரில் புரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவோம்.

சொல்லாமல் விட்டதாலேயே பயனற்றுப் போகும் மருந்துகளும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். அதே மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். இதை ஒரு பெண்ணிடம் தனியே, பக்குவமாகச் சொல்லத் தெரிய வேண்டும். தொழுநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்தில் உள்ள குளோஃபாசிமின் தோலைக் கறுக்கச் செய்யும். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் மெல்ல மறையும். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனவர் மாத்திரையை விடமாட்டார். இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் பாதிப் பலன் வீண் என்பதும் கர்ப்பிணிகளுக்குச் சொல்ல வேண்டியதே.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சீட்டில் சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் போய்க் கேட்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண், கிராமத்திலிருந்து வந்தவள், பெரிய டாக்டரிடம் போய் "இந்த அளவு சரிதானா, ஐயா?" என்று எப்படிக் கேட்பாள்? முதல் முறை மேற்பார்வையாளர் கூடப் போவார். இரண்டாம் முறை வாசல்வரை வருவார். மூன்றாம் முறை தனியே போக வேண்டும். நல்ல மருத்துவர் கோபிப்பதில்லை. கோபிக்கிறவரிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதோடு கணக்கும் உண்டு. 2013இல் கொண்டுவந்த எச்1 அட்டவணைப்படி காசநோய் மருந்துகளையும் சில வீரிய ஆன்டிபயாட்டிக்குகளையும் யார் எழுதினார், யாருக்கு, எவ்வளவு கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். இன்சுலின் இருக்கும் குளிர்ப்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பட்டயத்தோடு நிற்க விரும்பாதவர்கள் நான்கு ஆண்டு பி.பார்ம். படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2008இல் வந்த பார்ம்.டி. ஆறு ஆண்டுப் படிப்பு. கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனையில். பட்டயம் பெற்றவர்களுக்கு 2022ஆம் ஆண்டு விதிகள் ஒரு வெளியேறும் தேர்வையும் கொண்டுவந்தன: மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம். முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது.

உங்கள் சபையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பற்றி எங்களுக்கு எழுதிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டணம் கட்டுமுன், அந்தக் கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும் இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் பட்டியலில் நீங்களே பாருங்கள். கல்லூரி அலுவலகத்தில் சொல்வதை மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். அங்கீகாரமில்லாத இடத்தில் இரண்டு ஆண்டு படித்தாலும் மாநில கவுன்சில் பதிவு செய்யாது. பதிவில்லாதவரைக் கவுண்டருக்கு உள்ளே நிறுத்த எங்களாலும் முடியாது.